வடக்கு வாசலில் சூரியன்

இசைவாணிக்கு வானியற்பியலில் எதுவும் தெரியாது. எம்.எஸ்சி.யிலும் எம்.ஃபில்.லிலும் அவள் செய்ததெல்லாம் படிக வளர்ப்பு. உப்புக் கரைசலைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, வாயைத் துளையிட்ட தாளால் கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து, அடியில் விளைந்ததை எடுத்து அளப்பது. கள்ளக்குறிச்சியில் ஓர் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்த நாளிலிருந்து இளங்கலைப் பிள்ளைகளுக்கு வெப்பவியலும் ஒளியியலும்தான் நடத்தி வந்தாள். அந்த ஜூலையில் கல்லூரி திறந்ததும் துறைத்தலைவர் ஆதிமூலம் அவளைக் கூப்பிட்டார். எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டுக்கு வானியற்பியல் அடிப்படைகள் என்று ஒரு விருப்பப் பாடம் வந்திருக்கிறது, அதை எடுக்க இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்று சொன்னார்.

"வேற யாரும் எடுக்க மாட்டேங்கறாங்கம்மா. நீ எடுத்துக்கினா உனக்கும் ஒரு மாத்தமா இருக்கும்."

சொல்லும்போது அவர் மேஜைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இசைவாணி சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தாள். வேறு எதைக் கொடுத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

பங்குனியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. மாதம் நிறைந்து, வலி எடுத்து, எல்லோருக்கும் பிறப்பது போலத்தான் பிறந்தது. அழவில்லை. மருத்துவர்கள் எல்லாம் பார்த்துவிட்டு, காரணம் இன்னதென்று சொல்ல முடியவில்லை, சில நேரம் இப்படி ஆகிவிடுகிறது என்றார்கள். அவள் கணவன் தமிழழகன் குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப் போய், தியாகதுருகத்துக்கு வெளியே தங்கள் கரும்புக் கொல்லையின் ஓரத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தான். போகுமுன் இசைவாணி முகத்தை ஒருமுறை பார்த்தாள். மூக்கு அவன் மூக்கு.

அடுத்த சில நாளில் பால் கட்டிக்கொண்டது. மாமியார் தங்கமணி மல்லிகைப் பூவை அள்ளி மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். அப்படிக் கட்டினால் வற்றிவிடும் என்பார்கள். வற்றியது. அந்த வாரம் முழுக்க வீடு கல்யாண வீடு மாதிரி மணத்தது.

துக்கம் கேட்க வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அழு, அழுதால்தான் மனசு ஆறும் என்று தங்கமணி பலமுறை சொல்லிப் பார்த்தாள். இசைவாணிக்கு அழக்கூடாது என்றெல்லாம் இல்லை. வரவில்லை. சோறு பொங்கினாள், துணி துவைத்தாள், கல்லூரி திறக்கும் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

நூலகத்திலிருந்து ஓர் ஆங்கிலப் பாடநூலை எடுத்தாள். கனமான புத்தகம். அதற்கு முன் அதை எடுத்துப் போனவர்கள் யாரும் முதல் அதிகாரத்தைத் தாண்டவில்லை என்பது தாள்களைப் பார்த்தாலே தெரிந்தது. காலையில் தியாகதுருகத்திலிருந்து வரும் பேருந்தில் படித்தாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகு சமையலறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். முதல் அலகு நட்சத்திரங்களின் பிரகாசம். பழைய காலத்தில் கண்ணுக்குத் தெரிந்த நட்சத்திரங்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்து வைத்தார்களாம். அதனால் இன்றைக்கும் வெளிச்சம் ஜாஸ்தியாக ஆக எண் குறைகிறது. ரொம்பப் பிரகாசமானவற்றுக்கு எண் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. அதன் பிறகு தூரம், நிறத்தை வைத்து வெப்பநிலை, வெப்பநிலையும் பிரகாசமும் தெரிந்தால் நட்சத்திரத்தின் அளவு. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று வந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்குகளில் யாரும் இல்லை. எந்த எண்ணும் அவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

ஒருநாள் தமிழழகன் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, சமையலறை வாசலில் ஈரக்காலோடு நின்றான்.

"இன்னா படிக்கிற?"

"நட்சத்திரம் எப்டி அப்படியே நிக்குதுன்னு."

"எப்டி நிக்குது?"

"அதோட கனம் உள்ளாற இழுக்குது. உள்ள இருக்கற சூடு வெளிய தள்ளுது. ரெண்டும் சமமா இருக்கற வரைக்கும் நிக்குது."

அவன் தலையை ஆட்டினான். இன்னும் ஏதோ கேட்கப் போகிறவன் போல நின்றுவிட்டு, சோற்றைப் போட்டுக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டதும், குழம்பில் உப்புப் போடவில்லையே என்றான். அவள் எழுந்து உப்பு ஜாடியை எடுத்துக் கொடுத்தாள். அந்தக் குழந்தையைப் பற்றி அவர்கள் இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

வகுப்பில் ஐந்தே பேர். பகலவன் என்ற பையன் வேகமாகக் கணக்குப் போடுவான். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த செவ்வந்தி விடுதியில் தங்கிப் படித்தாள். போன வருஷம் கல்யாணமானவள், புருஷன் வேடியப்பன் குடகில் காப்பித் தோட்டத்து வேலையில் இருந்தான். மற்ற மூன்று பேரும் இந்தப் பாடம் சுலபம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சேர்ந்தவர்கள்.

இசைவாணி அவர்களுக்கு ஒரு வாரம்தான் முந்தியிருந்தாள். சில நாள் ஒரு ராத்திரி. இரண்டு நட்சத்திரங்களின் பிரகாசத்தை ஒப்பிடும் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது கழிக்க வேண்டியதைத் தலைகீழாகக் கழித்துவிட்டாள். சூரியனைவிட ஒரு மங்கல் நட்சத்திரம் அதிகப் பிரகாசம் என்று விடை வந்தது. பகலவன் எழுந்து, மேடம் குறி மாறிடுச்சு என்றான். திரும்பிப் பார்த்தாள். மாறித்தான் இருந்தது. நாலு வருஷமாகப் பாடம் நடத்துகிறவள் கூச்சப்பட வேண்டிய இடம் அது என்று தெரிந்தது. கூச்சம் வரவில்லை. அழித்துவிட்டுத் திருப்பி எழுதினாள்.

ஆகஸ்ட் கடைசியில் சூரியனின் உள்பகுதியை நடத்தினாள். நடுவில் உண்டாகும் ஒளி நேராக வெளியே வந்துவிடுவதில்லை. கொஞ்ச தூரம் போகும், எதிலாவது மோதும், திசை மாறும், மறுபடி மோதும். அப்படி முட்டி மோதி மேலே வர எவ்வளவு காலம் ஆகும் என்பதை அவள் தனியாகப் பல நாள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். பல்லாயிரம் வருஷம் வந்தது. புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து செவ்வந்தி கேட்டாள். "அப்ப இன்னிக்கு நம்ம மேல படற வெயிலு எப்ப பொறந்துச்சு மேடம்?"

வகுப்பு சட்டென்று அடங்கிவிட்டது. பகலவன் குனிந்து எழுதுவதுபோல் பாவனை செய்தான். ஒரு பெண் செவ்வந்தியின் முழங்கையைத் தொட்டாள். இசைவாணிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான், 'பொறந்துச்சு' என்ற வார்த்தைக்காக அவர்கள் பயப்படுகிறார்கள் என்று புரிந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ரொம்ப நாளாகவே அவள் முன்னால் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கணத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தப் புழுக்கத்திலும் செவ்வந்தி துப்பட்டாவை விரித்துப் போர்த்தியிருந்தாள். முதல் வாரம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் இப்போது கடைசிக்குப் போயிருந்தாள். பிற்பாடு துறையில் இன்னொரு விரிவுரையாளரான ஜெயசுதாவிடம் கேட்டபோது அவள் மறைக்காமல் சொன்னாள். செவ்வந்தி முழுகாமல் இருக்கிறாள், மேடம் கண்ணில் படாமல் பின்னால் உட்கார் என்று தான்தான் சொல்லிவைத்ததாகவும், நல்லதுக்குத்தான் சொன்னதாகவும் சொன்னாள். இசைவாணி அதற்குக் கோபப்படவில்லை. மறுநாள் வகுப்பில், "செவ்வந்தி, முன்னாடி வந்து ஒக்காரு. அங்க ஃபேன் இல்ல," என்றாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம் சூரிய கிரகணம் என்று செய்தி வந்தது. சூரியனில் ஒரு சின்ன ஓரம்தான் மறையும். தொடங்கி அரைமணி நேரத்தில் பொழுது சாய்ந்துவிடும். பாடநூலில் படித்ததைக் கண்ணால் பார்க்கலாமே என்று பிள்ளைகள் கேட்டார்கள். கல்லூரி மாடியிலிருந்து பார்த்தால் மேற்கே கல்வராயன் மலை மறைக்கும் என்று பகலவன் கணக்குப் போட்டுக் காட்டினான். கிரகணம் நன்றாகப் பிடிக்கிற நேரத்துக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போயிருக்கும்.

"எங்க ஊருக்கு வாங்க மேடம்," என்றாள் செவ்வந்தி. "எங்க வூட்டாண்ட மேக்கால எதுவும் மறைக்காது. சரிவுதான்."

முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் பட்டாணி அளவு ஓட்டை போட்டு, வெயிலில் பிடித்து, எட்டத்தில் இருட்டான சுவரில் சூரியனின் பிம்பத்தை விழவைக்கும் முறையைப் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள். கல்லூரித் தாழ்வாரத்தில் செய்து பார்த்தபோது உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக விழுந்தது. அதில் ஒரு சூரியப்புள்ளி கூடத் தெரிந்தது. பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு எல்லோரும் போனபின் செவ்வந்தி மட்டும் நின்றாள். தீபாவளிக்கு முன்னமே தான் ஊருக்குப் போய்விடுவதாகவும், ஆனால் கிரகணத்தன்று சாயங்காலம் அம்மா தன்னை வாசல் தாண்ட விடமாட்டாள் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் துப்பட்டா முனையை முறுக்கினாள்.

"கெரகணத்துல வெளிய வந்தா புள்ளைக்கு எதனா ஆவுமா மேடம்?"

இசைவாணிக்கு விடை தெரியும். நிலா குறுக்கே வருகிறது, கொஞ்ச நேரம் வெளிச்சம் குறைகிறது, அவ்வளவுதான். ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வார்த்தையைத்தான் அவளுக்கு எல்லோரும் சொல்லியிருந்தார்கள். வயிற்றில் பிள்ளை அசைவது குறைவாகத் தெரிகிறதே என்று கேட்டபோது, தங்கமணியும் இசைவாணியின் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னார்கள். அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

"கெரகணத்தால எதுவும் ஆகாது," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "புள்ளைக்கு ஒன்னும் ஆகாதுன்னு நான் சொல்ல முடியாது செவ்வந்தி. அத யாராலயும் சொல்ல முடியாது. கெரகணத்தால ஆகாது. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

செவ்வந்தி அவள் முகத்தைப் பார்த்தாள். சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பெண்ணைப் பயமுறுத்திவிட்டோமோ என்று இசைவாணி யோசித்தாள். யோசித்தாளே தவிர வருத்தமாக எதுவும் இல்லை.

தீபாவளிக்கு மறுநாளும் விடுமுறை. கச்சிராயபாளையத்தில் கூடி, ஒரு ஜீப்பை அமர்த்திக்கொண்டு நான்கு பிள்ளைகளோடு மலையேறினாள். கோமுகி அணையைத் தாண்டியதும் ரோடு வளைந்து வளைந்து ஏறியது. பிள்ளைகள் முந்தின நாள் வெடித்த வெடியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். வெள்ளிமலையைக் கடந்து, சாமைக் கொல்லைகளின் நடுவே மண்பாதையில் கொஞ்ச தூரம். செவ்வந்தியின் வீடு சரிவின் விளிம்பில் இருந்தது. வடக்குப் பார்த்த வாசல். மேற்கே நிலம் அப்படியே இறங்கிப் போக, எட்டத்தில் சேலம் பக்கத்து மலைகள் மங்கலாகத் தெரிந்தன. வானத்தில் மேகம் இல்லை.

செவ்வந்தியின் அம்மா அவர்களை வரவேற்று, கிரகணம் பிடிப்பதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினாள். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டாள். இசைவாணியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவளாக இருக்கலாம். காலை முழுக்கக் கொல்லையில் வேலை செய்துவிட்டு வந்து சமைத்திருந்தாள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துக் கண்ணாடியையும் கிரகணக் கண்ணாடிகளையும் எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போனார்கள். செவ்வந்தி உள்ளறையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். வெளியே வர அவளுக்கு ஆசை என்பது உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

இலையை மடித்துவிட்டு இசைவாணி கை கழுவ எழுந்தபோது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே செவ்வந்தியின் அம்மா கேட்டாள். "உங்களுக்கு எத்தினி புள்ளைங்க டீச்சரம்மா?"

உள்ளேயிருந்து செவ்வந்தி, "அம்மா," என்றாள்.

"ஒரு பொண்ணு," என்றாள் இசைவாணி. "பங்குனியில பொறந்துச்சு. உசுரு இல்லாம பொறந்துச்சு."

ஒரு பொண்ணு என்று அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எல்லோரும் விவரம் தெரிந்தே வந்தார்கள், அதனால் யாருக்கும் சொல்ல வேண்டி வரவில்லை. சொம்பிலிருந்து தண்ணீர் விழுவது நின்றுவிட்டது. அந்த அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். அவள் கண் உள்ளறைப் பக்கம் போய்த் திரும்பியதை இசைவாணி கவனித்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வாசல் மிதித்துவிட்டாளே என்று நினைக்கிறாளோ என்னவோ. நினைத்திருந்தால் அதிலும் தப்பில்லை.

பிறகு அந்த அம்மா கேட்டாள். "அப்ப எதனா கெரகணம் புடிச்சுதா?"

"இல்லம்மா. எதுவும் புடிக்கல."

"நீங்க எதனா தூக்கிக் கீக்கி..."

"இல்ல. எல்லாரும் சொன்னாப்புலதான் இருந்தேன். இருட்டுனா வெளிய போகல. கனம் தூக்கல. மாத்திர ஒருநாள் கூட வுடல. ஆஸ்பத்திரியில சொன்ன தேதிக்கெல்லாம் போனேன்."

"அப்ப இன்னாத்துக்கு..." என்று அந்த அம்மா தொடங்கினாள். முந்தானையை எடுத்து வாயை அழுத்திக்கொண்டாள். இசைவாணியின் கையில் மீதி ஈரம் இருந்தது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"தெரியலம்மா," என்றாள். "யாருக்கும் தெரியல."

உள்ளேயிருந்து செவ்வந்தி, அவர்கள் கொண்டுவந்த கண்ணாடியை வைத்து உள்ளே சுவரிலேயே காட்டலாமே, தான் வாசலைத் தாண்டவே மாட்டேனே என்று கேட்டாள். நேரம் ஐந்தாகிவிட்டது. பகலவன் சரிவிலிருந்து கூப்பிட்டான். செவ்வந்தியின் அம்மா எழுந்து வாசல் கதவருகே போய் நின்றாள். கதவை அடைக்கப் போகிறாள் என்றுதான் இசைவாணி நினைத்தாள்.

"வெளிய வுட மாட்டேன்," என்றாள் அவள். "கதவ வேணா தொறந்து வெக்கறேன். செவுத்துல காட்டிக்கோங்க. அவ வவுத்து மேல மட்டும் படக்கூடாது டீச்சரம்மா."

"படாது. நானே புடிச்சுக்கறேன்."

வாசலுக்கு நேரே, சற்றுத் தள்ளி முற்றத்தின் கோடியில் இசைவாணி உட்கார்ந்துகொண்டாள். மேற்கிலிருந்து வந்த வெயில் கண்ணாடியில் பட்டு, திறந்த கதவு வழியாக உள்ளே போய், இருட்டான பின்சுவரில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது. அந்த வடக்கு வாசல் வழியாகப் பின்சுவர் வரைக்கும் அதுவரை வெயில் போயிருக்காது. சூரியன் நகர நகர வட்டம் சுவரில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் கண்ணாடியை ஒரு மயிரிழை திருப்ப வேண்டியிருந்தது. இடப்பக்கம் சற்றுக் கூடுதலாகத் திருப்பினால் வெளிச்சம் செவ்வந்தி உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய்விடும். இரண்டு முழங்கைகளையும் முழங்கால்களில் ஊன்றிக்கொண்டு மூச்சை அடக்கிப் பிடித்தாள். கிரகணத்தை அவள் பார்க்கவில்லை. திறந்த கதவையும் அதற்கப்பால் இருந்த இருட்டையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரிவில் பிள்ளைகள் தொட்டுடுச்சு, தொட்டுடுச்சு என்றார்கள். பகலவன் நேரத்தைக் குறித்துக்கொண்டான். பிறகு செவ்வந்தியின் குரல் வந்தது.

"மேடம், ஓரத்துல கடிச்ச மாதிரி இருக்குது."

"ஜாஸ்தியாவுதா?"

"ஆவுது மேடம். நகம் அளவுக்கு வந்துடுச்சு."

இன்னும் சற்று நேரம் போனது. அவள் அம்மா கதவோரத்தில் நின்று எட்டிப் பார்த்தாள் போலிருக்கிறது.

"இவ்ளோதானா கெரகணம்?" என்றாள்.

செவ்வந்தி சிரிக்கும் சத்தம் கேட்டது. இசைவாணியின் தோள்பட்டை வலித்தது. கண்ணாடியைக் கீழே வைக்கலாம்தான். வைக்கவில்லை. சூரியன் சிவந்து, வெளிச்சம் சோர்ந்து, சுவரில் வட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பகலவன் வந்து, மேடம் முடிஞ்சிடுச்சு என்றான். விரல்களைப் பிரிக்கக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

கிளம்பும்போது செவ்வந்தியின் அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு வந்து, ஒரு பையில் கடுக்காயும் சாமையும் கட்டிக் கொடுத்தாள்.

அந்த நாளுக்குப் பிறகு இசைவாணிக்குப் பயம் வந்தது. முதலில் அது பயம் என்றே தெரியவில்லை. பேருந்தில் புத்தகத்தைப் பிரித்தால் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். செவ்வந்தி ஒருநாள் வகுப்புக்கு வராவிட்டால் விடுதிக்கு ஆள் அனுப்பி விசாரித்தாள். காய்ச்சல் என்றார்கள், பல்வலி என்றார்கள். ஒவ்வொரு முறையும் பதில் வரும்வரை அவளால் உட்கார முடியவில்லை. அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால், எந்தக் காரணத்தால் ஆனாலும், டீச்சர் வந்து கதவைத் திறக்கச் சொன்னாள், கிரகணத்தை வீட்டுக்குள் விட்டாள் என்றுதான் அந்த அம்மா காலமெல்லாம் நினைப்பாள். இல்லை என்று நிரூபிக்க எந்தப் பாடத்திலும் வழி இல்லை. அவளுக்கே கூட ஒரு மூலையில் அப்படித் தோன்றத்தான் செய்யும்.

மார்கழியில் ஒருநாள் அதைத் தமிழழகனிடம் சொன்னாள். இருவரும் கொல்லையில் இருந்தார்கள். கரும்பு வெட்டுக்கு ஆள் பேசிவிட்டு அவன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். மலைக்குப் போனது, அந்த அம்மா கேட்டது, தான் பதில் சொன்னது, கண்ணாடி பிடித்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ஒரு பொண்ணு என்று சொன்னதையும் சொன்னாள். அவன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்னும் ஆகாது என்று அவன் சொல்லிவிடுவானோ என்று அவள் பயந்தாள். அவன் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு எத்தினியாவது மாசம்?" என்று மட்டும் கேட்டான். அன்றிலிருந்து அவனும் அவ்வப்போது செவ்வந்தியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினான்.

செவ்வந்தி பெரிய வயிற்றோடு வந்து வானியற்பியல் தேர்வை எழுதினாள். இசைவாணிக்கு அன்று அதே கூடத்தில் கண்காணிப்பு. மற்றவர்களுக்கு முன்னால் எழுந்து போகாமல் கடைசி மணி வரை உட்கார்ந்து எழுதினாள். போகும்போது, சூரியனோட ஆயுசு கணக்கு வந்துச்சு மேடம், போட்டுட்டேன் என்றாள்.

தை பிறந்து இரண்டு வாரம் கழித்து, மதிய இடைவேளையில் ஜெயசுதா ஓடிவந்து சொன்னாள். செவ்வந்திக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை, இருவரும் நல்லபடியாக இருக்கிறார்கள். புருஷன் குடகிலிருந்து வந்துகொண்டிருக்கிறான். போட்டோ அனுப்பியிருக்கிறாள் என்று போனை நீட்டினாள். இசைவாணி வாங்கிப் பார்த்தாள். சிவப்பாக, கண்ணை இறுக்கிக்கொண்டு, வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது. நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். சந்தோஷம் வரும் என்று காத்துப் பார்த்தாள். நெடுநாள் தூக்கி நடந்த சுமையை இறக்கி வைத்தவளுக்கு வரும் அசதி மட்டும்தான் வந்தது. மதியத்துக்கு மேல் முதலாமாண்டுக்கு வெப்பவியல் இருந்தது. போய் நடத்தினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தமிழழகனிடம் சொன்னாள். அவன் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தான். கையை வாளியிலிருந்து எடுக்காமலேயே, "அழுதுச்சா?" என்று கேட்டான்.

"அழுதுச்சாம். போட்டோல கூட அழுதுக்கினுதான் இருக்குது."

அவன் கரைத்து முடித்து, வாளியை மாட்டின் முன்னால் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தான். தங்கமணி கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"நான் ஒரு பேரு நெனச்சுக்கினு இருந்தேன்," என்றான். "பொறந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

இசைவாணி அவனைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் அவன் எதையும் நினைத்துக்கொண்டிருப்பான் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"இன்னா பேரு?"

"அருள்மொழி."

அவள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனாலும் அவனுக்குக் கேட்டது. நல்லா இருக்குது என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டுத் திரும்பினாள்; அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகை வரவில்லை. அவன் முதுகில் கையை வைத்தாள். பகலெல்லாம் வெயிலில் நின்றவனின் சட்டை இன்னும் சூடாக இருந்தது. மாடு தவிட்டுத் தண்ணீரைக் குடித்து முடித்து வாளியை நக்கும் வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.